ஊசிக்குக் கலக்கும் தண்ணீர்

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்காதே என்பார்கள். ஜோஸ்லின் வீட்டில் பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறக்கப்போகும் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதா, அது வளர்ந்து ஆளானபின் தண்ணீரில் முழுக்குவதா என்றுதான் சண்டை. பிள்ளைக்கு அப்போது வயிற்றுக்குள் ஏழாம் மாதம். அதைச் சுற்றிலும் தண்ணீர்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மாமியார் சூசையம்மாள் சேரப்பணஞ்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம். பிறந்த பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்ச் சாமியார் கையால் தண்ணீர் ஊற்றினால்தான் அதற்கு மோட்சத்தில் இடம் என்று கேட்டு வளர்ந்தவள். மருமகள் ஜோஸ்லினோ வடக்குப்பட்டில் தகரக் கொட்டகையில் கூடும் பெந்தெகொஸ்தே சபைக்காரி. கழுத்திலும் காதிலும் குந்துமணி நகைகூடக் கிடையாது. தானாக நம்பி, தன் வாயால் சொல்லி, தன் காலால் நடந்துபோய் முழுகுகிறவனுக்குத்தான் ஞானஸ்நானம்; கைப்பிள்ளைக்கு ஊற்றுவது குளிப்பாட்டுவதோடு சரி என்பது அவர்கள் கட்சி. நடுவில் மாட்டியவன் ஜோஸ்லினின் புருஷன் ஃபிரடி. பிள்ளைகளைக் கத்தோலிக்கமாக வளர்ப்பேன் என்று கல்யாணத்தின்போது கோயிலில் கையெழுத்துப் போட்டவன், வாயால் “எல்லாம் உன் இஷ்டம்தான் ஜோஸ்லின்” என்றும் சொல்லியிருந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா? இருங்காட்டுக்கோட்டைக் கார் கம்பெனியில் ஓ.டி. இருக்கிறது என்றால் அந்தக் காலத்தில் அவனைப் போலச் சந்தோஷப்பட்டவன் கிடையாது.

ஜோஸ்லினுக்கு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பக்கத்து மேசை முத்துச்செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒருநாள் டீ இடைவேளையில் அவள், “நீங்க ரெண்டு பேரும் ஒரே ஏசுவத்தானக்கா கும்புடுதீய? பெறவு எதுக்கு இந்தச் சண்ட?” என்று கேட்டாள்.

“ஒரே ஏசு. அதனாலதான் சண்டை. வேற வேற சாமின்னா, உன்னுது உனக்கு, என்னுது எனக்குன்னு விட்டுட்டுப் போயிருப்போம்.”

முத்துச்செல்வி சிரித்தாள். ஜோஸ்லின் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கொள்கை என்றால் ஏதோ வேதத்தைப் புரட்டி, வசனத்துக்கு வசனம் ஒப்பிட்டு, யோசித்துப் பிடித்துக்கொள்வது என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். அப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கேயாவது இருக்கலாம். எனக்குத் தெரிந்து சேரப்பணஞ்சேரியிலும் வடக்குப்பட்டிலும் இல்லை. ஜோஸ்லினின் கொள்கைக்குக் கன்னியப்பன் என்று பேர். அவளுடைய அப்பா. அம்மா மட்டும் சபைக்குப் போய்வந்த காலத்தில், குடித்துவிட்டு வந்து அடுப்பில் கொதிக்கும் குழம்பை எட்டி உதைக்கிற அப்பா. ஒரு தை மாதம், பாஸ்டர் ஜெபகுமார் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வடக்குப்பட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து போனதைக் கரையில் நின்று அவள் பார்த்தாள். முழுகி எழுந்தவர் வேறு ஆள். சாகிறவரைக்கும் அவர் ஒரு சொட்டு தொடவில்லை. அந்த ஏரிக்கரையில் நின்றவளிடம் போய், தூங்குகிற குழந்தையின் நெற்றியில் சிந்துகிற தண்ணீரும் அதே ஞானஸ்நானம்தான் என்றால் ஒப்புவாளா? அவள் அப்பாவையே இல்லை என்று சொல்வது போலிருக்கும் அவளுக்கு.

சூசையம்மாளுக்கும் அப்படி ஒன்று இருந்தது. அது என்னவென்று அப்போது ஜோஸ்லினுக்குத் தெரியாது. ஷேர் ஆட்டோவில் இருவரும் ஒரகடம் பக்கம் போகும்போது, ஆறுவழிச் சாலையில் ஓர் இடம் வந்தால் மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். சாலைக்கு அந்தப்புறம் மதில் கட்டிய கல்லறைத் தோட்டம். அதைப் பார்த்துத்தான் போடுகிறாள், செத்தவர்களுக்கு ஜெபிக்கிற பழக்கம் என்று ஜோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செத்தபின் ஜெபித்து என்ன பயன் என்பது அவள் சபையின் இன்னொரு கட்சி.

சண்டை முடியுமுன் பிள்ளை பிறந்துவிட்டது. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில், கைக்குள் அடங்கும்படியாக ஒரு பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முதலில் மூச்சுதான் சிரமம் என்றார்கள். பிறகு ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஒரு மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, “இன்னிக்குப் பொழுது தாண்டணும்மா. வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

ஃபிரடிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஷிப்டில் இருப்பவனின் போன் லாக்கரில் இருக்கும். சூப்பர்வைசர் மூலம் சொல்லி அனுப்பி, அவன் கிளம்பி வருவதற்குள் எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். வராந்தா பெஞ்சில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள்.

சூசையம்மாள் ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு ஜோஸ்லினின் கையைப் பிடித்தாள்.

“கண்ணு, உள்ள உன்னைத்தான் வுடுவாங்க. என்னை வுட மாட்டாங்க.”

“தெரியும் அத்தை.”

“நீ ஊத்து.”

ஜோஸ்லினுக்குப் புரியவில்லை.

“தண்ணி. உசுருக்கு ஆபத்துன்னா சாமியாரு வரணும்னு கிடையாது, யாரு வேணா ஊத்தலாம். எங்க சபையிலதான் இருக்கணும்னுகூட கிடையாது. தலையில தண்ணி ஓடணும், மூணு பேரு நாமத்தையும் சொல்லணும். அவ்ளோதான்.”

“அத்தை, இப்ப போயி இன்னா பேசுறீங்க? புள்ள பொழைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க.”

“பண்ணிக்கினேதான் கீறேன். ஒருவேளை பொழைக்கலைன்னா?” கிழவி அவள் கையை விடவில்லை. “எனக்கு ஃபிரடிக்கு முன்னால ஒண்ணு பொறந்துச்சு. வூட்லயேதான் பிரசவம். பொட்டப்புள்ள. ஒரு ராத்திரி இருந்துச்சு, விடியல போயிடுச்சு. யாரும் தண்ணி ஊத்தலை. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைய மதிலுக்குள்ள வெக்க மாட்டோம்னுட்டாங்க. மதிலுக்கு வெளியே பள்ளம் தோண்டி, ஒரு சிலுவைகூட நடாம மூடிட்டு வந்தாரு எங்க வூட்டுக்காரரு. அப்புறமா கோயில் உபதேசியார் சொல்றாரு, நீயே ஊத்தியிருக்கலாமே சூசை, அவசரத்துக்கு யாரு வேணா ஊத்தலாமேன்னு. எனக்கு யாரு சொன்னாங்க? சொம்புல தண்ணி என் தலைமாட்டுல இருந்துச்சுடி. ராத்திரி பூரா இருந்துச்சு.”

சூசையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அந்த மதிலுக்கு வெளிய இருந்த எடத்துல இப்ப இன்னா கீதுன்னு தெரியுமா? ரோடு. ரோட்டை அகலம் பண்ணப்போ மதிலுக்கு உள்ள இருந்த கல்லறைய மட்டும் பக்குவமா எடுத்துத் தள்ளி வெச்சாங்க. வெளிய இருந்தது யாருக்குத் தெரியும்? என் புள்ள மேல கண்டெய்னர் லாரி போயிக்கினு கீது.”

அப்போதுதான் ஜோஸ்லினுக்கு விளங்கிற்று. மாமியார் சிலுவை போட்டுக்கொண்டது மதிலைப் பார்த்து இல்லை. தார் ரோட்டைப் பார்த்து.

அவள் எழுந்து உள்ளே போனாள். கையைக் கழுவி, பச்சை அங்கி மாட்டி, பெட்டி அருகே நின்றாள். குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளும் ஜெபம் பண்ணினாள், தன் சபை வழக்கப்படி, கண்ணீரோடு, வாய்க்கு வந்த சொல்லில். கர்த்தாவே, இவளுக்கு உம்மைத் தெரியாது. தானாக நம்பும் வயதுவரைக்கும் இவளை எனக்குக் கொடும் என்று கேட்டாள். அவளைப் பொறுத்தமட்டில் அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளை செத்தாலும் நேரே ஆண்டவர் மடிக்குத்தான் போகும். தண்ணீர் பட்டதா என்று அங்கே யாரும் தலையைத் தடவிப் பார்க்கப்போவதில்லை. இதை அவள் முழுதாக நம்பினாள். ஆனாலும் கால் நகரவில்லை. வெளியே பெஞ்சில் ஒருத்தி இன்னும் அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? பாப்பா தலையில ரெண்டு சொட்டு விடணும்.”

நர்ஸ் வேல்விழிக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. துளசித் தண்ணீர் கேட்டவர்களையும் தாயத்துக் கட்டக் கேட்டவர்களையும் பார்த்தவள். வெளித்தண்ணீர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு, ஊசி மருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீரைச் சிரிஞ்சில் உறிஞ்சி, ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டியின் சின்னக் கதவைத் திறந்தாள்.

“சீக்கிரம் விட்டுட்டு பஞ்சால துடைச்சிடுங்க. குளிர் ஆகாது.”

ஜோஸ்லின் ஊற்றினாள். ஊற்ற வேண்டிய மாதிரியே, தலையில் ஓடும்படி. “பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று தன் சபை ஏரியில் சொல்லும் சொல்லையே சொன்னாள். அந்த அளவு தண்ணீரில் ஒரு குருவிகூட நனையாது.

வெளியே வந்தபோது சூசையம்மாள் எழுந்து நின்றாள்.

“ஊத்திட்டேன் அத்தை.”

கிழவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அது இந்தக் குழந்தைக்கான அழுகை மட்டும் இல்லை.

பொழுது தாண்டியது. மறுநாளும் தாண்டியது. குழந்தை மெல்ல மெல்லத் தேறி, எடை ஏறி, ஒரு மாதம் போல் கழித்து வீட்டுக்கு வந்து, வீட்டையே கத்தி எழுப்பியது. மருந்தால் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். ஜெபத்தால் என்றது வடக்குப்பட்டு. மாதாவின் புதுமை என்றது சேரப்பணஞ்சேரி. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், குழந்தை ஒன்றுதான்.

விஷயத்தைச் சூசையம்மாள் மூடி வைத்திருந்தால் அதோடு போயிருக்கும். அவளால் முடியுமா? கம்பெனிப் பையன்கள் தங்கும் விடுதியில் சமையல் வேலை அவளுக்கு. ஒரு சட்டி சாம்பார் கொதிப்பதற்குள் ஊர் பூராவும் சேதி போய்விடும். “என் மருமவளே ஊத்துனா. அவ சபை வேற, ஆனா எனக்காவ ஊத்துனா” என்று பெருமை தாளவில்லை.

குழந்தைக்கு மீதிச் சடங்கு செய்யப் பங்குச் சாமியாரிடம் போனார்கள். ஆபத்தில் ஊற்றியது செல்லும். மறுபடி தண்ணீர் ஊற்றக்கூடாது, எண்ணெய் பூசி, மெழுகுதிரி ஏற்றி நிறைவு செய்ய வேண்டியதுதான். ஆனால் ஊற்றியவளிடம் ஒன்று கேட்டாக வேண்டும். இளவயதுச் சாமியார், தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“நீங்க எந்த எண்ணத்தோட ஊத்துனீங்கம்மா? நீங்க நம்பணும்னுகூட இல்லை. திருச்சபை என்ன செய்யுதோ அதையே செய்யணும்னு நினைச்சீங்களா?”

சூசையம்மாள் மருமகளின் வாயையே பார்த்தாள்.

“நான் நம்பி ஊத்தலை, ஃபாதர். எங்க அத்தை நம்புற ஞானஸ்நானம் எதுவோ அதைக் குடுக்கணும்னு நினைச்சேன். அதுல ஒரு கொறையும் இருக்கக்கூடாதுன்னு நினைச்சேன்.”

“போதும்மா” என்றார் சாமியார். பிறகு, சூசையம்மாளைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு, தண்ணீர் ஊற்றாமல் இறந்த குழந்தைகளையும் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து, முறையாக அடக்கம் செய்கிறோம் இப்போதெல்லாம் என்று சொன்னார்.

“இப்ப சொல்றீங்க சாமி” என்றாள் சூசையம்மாள். “அப்ப யாரும் சொல்லலையே.” சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

சேதி வடக்குப்பட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பாஸ்டர் ஜெபகுமார் வீடு தேடி வந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக்கூடாது. தெற்கே நாசரேத்து ஊர்ப் பக்கத்து மனிதர். குழந்தையில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்று, இருபத்தைந்து வயதுவரை கோயில் கணக்கில் கிறிஸ்தவனாகவும் மற்ற எல்லாக் கணக்கிலும் போக்கிரியாகவும் திரிந்தவர். தலையில் தெளித்த தண்ணீர் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு அவரே சாட்சி. கன்னியப்பனை ஏரிக்கு அழைத்துப் போன கையும் அந்தக் கைதான்.

“நான் உன்னக் குத்தம் சொல்ல வரலம்மா. பெத்த வயிறு, பதறியிருப்ப. வார ஞாயித்துக்கிழம திருவிருந்துக்கு முன்னால சபையில எந்திச்சு, அது வெறும் தண்ணி, அதுல ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிரு. வாலிபப் பிள்ளைகள்லாம் பாத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கு ஆளாளுக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போய்த் தண்ணி தெளிச்சா, உங்கப்பா ஏரியில முங்குனதுக்கு என்ன அர்த்தம்?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஜோஸ்லின் அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்கவில்லை. வெறும் தண்ணீர்தான். ஊசிக்குக் கலக்கும் தண்ணீர். அதைச் சொல்வது பொய்யும் ஆகாது. ஆனால் சொன்னால், அந்தச் சொல் சாயங்காலத்துக்குள் சேரப்பணஞ்சேரி விடுதிச் சமையல்கட்டுக்கு வந்து சேரும். ஃபிரடியிடம் கேட்டாள். “உன் இஷ்டம்” என்றான் அவன், பழையபடி. அன்றைக்கு அவன்மேல் வந்த கோபம் அவளுக்கு வேறு யார்மேலும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக் கிளம்பியபோது, பிள்ளைக்குப் பசி வந்தால் ஜோஸ்லின் பால் கொடுக்க வசதியாக இருக்கும் என்று சூசையம்மாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். கொட்டகைக்குள் அவள் கால் வைக்கவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, மேசைமேல் திருவிருந்துக்கான அப்பமும் திராட்சை ரசமும் வைத்தபின் பாஸ்டர் அவளைப் பார்த்தார். ஜோஸ்லின் எழுந்தாள்.

“நான் நம்புறது மாறலைங்க. தானா விசுவாசிச்சு முழுகுறதுதான் ஞானஸ்நானம். எங்கப்பா எடுத்தது அதுதான், நான் எடுத்ததும் அதுதான். என் பொண்ணும் வளர்ந்து அவளா கேட்டா, அந்த ஏரிக்கு நானே கூட்டிக்கினு போவேன்.” சபையில் ஆமென் என்ற சத்தம் எழுந்தது. அவள் அது அடங்கும்வரை நின்றாள். “ஆனா அன்னிக்கு ஊத்துனது வெறும் தண்ணின்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. எனக்கு அது வாயில வரலை.”

பாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. “அப்பம் கொஞ்ச காலத்துக்கு உனக்குக் கொடுக்க முடியாதேம்மா” என்றார். கம்பெனியில் நல்லது என்றும் சொல்ல முடியாமல் கெட்டது என்றும் தள்ள முடியாமல் இருக்கிற பாகத்துக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி ஓரமாக வைப்பார்கள். எத்தனையோ பாகத்துக்கு ஜோஸ்லினே ஒட்டியிருக்கிறாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அப்பத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. அவளிடம் வந்து நிற்காமல் தாண்டிப் போனது.

வாசலில் நிழல் தட்டியது. சூசையம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியவள், பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“ஐயா, அவளுக்குக் குடுங்க. அவ ஊத்தலை.”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

“அவ உள்ள போயி ஜெபம் பண்ணிட்டு வந்துட்டா. ஊத்தமாட்டேன்னு சொல்லிட்டா. நான்தான் ஊர் பூரா பொய் சொல்லிக்கினு திரிஞ்சேன். என் பேத்திக்கு ஞானஸ்நானம் ஆவலைங்க. அவளை வெளிய வெக்காதீங்க. வெளிய வெக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும்.”

இந்த வார்த்தையைச் சொல்ல அவள் என்ன விலை கொடுத்தாள் என்று அந்தக் கொட்டகையில் ஒருத்திக்குத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க ஒரு தண்ணீருக்காக அழுதவள், கிடைத்த தண்ணீரைக் கிடைக்கவே இல்லை என்று, அதுவும் ஆண்டவர் சந்நிதியில், சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பேத்தியைத் தன் வாயாலேயே மதிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோஸ்லின் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றாள்.

“ஊத்துனேன் அத்தை” என்றாள். “தலையில ஓடுறமாதிரி ஊத்துனேன். மூணு நாமமும் சொன்னேன். உங்க பேத்திக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு.”

அவள் அதை மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் சபை முழுக்கக் கேட்டது.

பாஸ்டர் ஜெபகுமார் தட்டை மேசைமேல் வைத்து வெள்ளைத் துணியால் மூடினார். மீதி இருந்த வரிசைக்கும் அவர் அன்று கொடுக்கவில்லை; அவரும் எடுக்கவில்லை. ஜெபிப்போம் என்று முழங்காலில் நின்றார். அவர் சட்டம் மாறவில்லை. சாமியாரின் சட்டமும் மாறாது. ஜோஸ்லின் நம்புவதும் மாறவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

திரும்பும்போது இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

“நான்தான் பொய் சொல்லிட்டேனே, நீ கம்முனு இருந்திருக்கலாமில்ல?” என்றாள் சூசையம்மாள். “இப்ப சாமியாராண்ட போயி அந்தப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் வேற பண்ணணும்.”

“நான் கம்முனு இருந்திருந்தா நீங்க தூங்கியிருப்பீங்களா?”

கல்லறைத் தோட்டத்து மதில் தெரிந்ததும் ஜோஸ்லின் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மாமியாரைக் கைபிடித்து இறக்கினாள். கண்டெய்னர் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

“எந்த எடம் அத்தை?”

சூசையம்மாள் கை நீட்டிக் காட்டினாள். நடு ரோடு, வெள்ளைக் கோட்டுக்குச் சற்று இப்பால். காட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜோஸ்லின் போடவில்லை, செத்தவர்களுக்கு ஜெபிப்பதில்லை என்பதில் அவள் அன்றும் உறுதியாகத்தான் இருந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, மாமியார் தன் ஜெபத்தைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.